தம்மூஸ் மாதத்தில் ஒரு காலி நாள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. கட்டுரையாகத்தான் பிறந்தது, அதுவும் சாஜிதாவின் நச்சரிப்பு தாங்காமல்.

பாக்தாதில் எங்கள் பேட்டையின் ஓய்வுபெற்ற ஆசிரியைகளுக்கு வாட்ஸப்பில் ஒரு குழு இருக்கிறது. அதை நடத்துபவள் சாஜிதா. முன்பு கணக்கு டீச்சர், இப்போது எங்கள் எல்லோருக்கும் தலைமையாசிரியை. மாதம் ஒருமுறை ‘இந்த மாதத்தின் மைல்கற்கள்’ என்று யாராவது எழுத வேண்டுமாம். நான் வரலாறு நடத்தியவள், ஆகவே என் தலையில் விழுந்தது. ஜூன் வரைக்கும் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். பிறகு ஜூலை வந்தது. நாங்கள் தம்மூஸ் என்போம்.*

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘தம்மூஸ் மாதம் உலக வரலாற்றில் பொன்னெழுத்துகளால்—’

வேண்டாம். பொன்னெழுத்து என்று எழுதினாலே எனக்குக் கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: ‘1956 தம்மூஸில் எகிப்து தன் கால்வாயைத் தன்னுடையதாக்கியது. 1962 தம்மூஸில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. 1969 தம்மூஸில் மனிதன் நிலவில் கால்வைத்தான். அன்று நாங்கள் மொட்டைமாடியில் படுத்து அதே நிலவைப் பார்த்தபடி கொசு அடித்துக்கொண்டிருந்தோம்—’

இது பரவாயில்லை. கொசுவை எடுத்துவிட்டால் சாஜிதா ஒத்துக்கொள்வாள். கொசு இல்லாமல் எனக்கு அந்த இரவு ஞாபகமே வராது.

மூன்றாவது: ‘1958 தம்மூஸ் பதினான்கு, காலை—’

இங்கே கை நின்றுவிட்டது. கரண்டும் போய்விட்டது. இரண்டில் எது முதலில் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

* தம்மூஸ் என்பது இந்த மண்ணின் மிகப் பழைய தெய்வம் ஒன்றின் பெயர். வெயிலில் செத்துப்போகும் இடையன். இந்த மாதத்தில் பெண்கள் கூடி உட்கார்ந்து அவனுக்காக அழுவார்களாம். மாதத்தின் பெயரே ஒரு சாவு வீடு. இதில் மைல்கல் தேடச் சொல்கிறாள் சாஜிதா.

2

கை ஏன் நின்றது என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் பாடப்புத்தகம் பற்றி ஒரு வார்த்தை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துப் புத்தகத்தில் இரண்டு தம்மூஸ்கள் இருந்தன. 1958இல் மன்னராட்சி விழுந்து குடியரசு வந்த பதினான்காம் தேதி ஒன்று. 1968இல் ஆட்சி இன்னொருவர் கைக்குப் போன பதினேழாம் தேதி இன்னொன்று. வருடம் போகப்போகப் பதினேழு கொழுத்தது, பதினான்கு இளைத்தது. கடைசியில் பதினான்குக்கு ஒரு பத்திதான் மிச்சம். நான் ஓய்வு பெறும் தறுவாயில் அந்த ஆட்சியும் விழுந்திருந்தது, பதினேழைக் காணவே காணோம். பிள்ளைகள் விவரமானவர்கள். “டீச்சர், பரீட்சைக்கு எந்த தம்மூஸப் படிக்கணும்?” என்று மட்டும் கேட்பார்கள்.

நல்ல கேள்வி. நான் முப்பது வருடம் அதற்கு மட்டும்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று தோன்றுகிறது. தேதிகள் எனக்கு அலுத்துவிட்டன.

சரி, கை நின்ற விஷயம். 1958 என்று எழுதியதும் அடுத்த வீட்டு மாடி ஜன்னல் கண்ணில் பட்டது. பஹீஜாவின் ஜன்னல். அந்த வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு நாள் குறித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. குறித்த அன்று நானும் அங்கே இருந்தேன். கட்டுரையை மூடி வைத்துவிட்டு அதை எழுத ஆரம்பித்தேன். சாஜிதா, நீ இதைப் படித்தால், மைல்கற்கள் இதற்குள்ளேயேதான் இருக்கின்றன. பொறுமையாகத் தேடிக்கொள்.

3

மணப்பெண் ரஃபல், வயது முப்பத்தொன்று, என்னிடம் படித்தவள். அவள் அம்மா நிதால். அப்பா காலமாகிவிட்டார். அப்பாவின் அக்கா பஹீஜா, கல்யாணமே செய்துகொள்ளாதவள், அந்த வீட்டு மாடியில் இருக்கிறாள். மாப்பிள்ளை கைத், மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. இவ்வளவு பேர் போதும்.

கைத்தின் அம்மா வந்திருந்தார். நிதால் தர்பூசணி வெட்டி, வெள்ளைச் சீஸும் ரொட்டியும் வைத்தாள். இந்த வெயிலுக்கு வேறு எது இறங்கும்?

“வியாழன், இல்லன்னா திங்கள். வேற நாள்ல நம்ம யாரும் வைக்கிறதில்ல,” என்றாள் நிதால்.

“ஆறாம் தேதி வியாழன் நல்ல நாள்தான்,” என்றார் கைத்தின் அம்மா. “ஆனா புள்ள எட்டாம் தேதிதான் ஃப்ளைட்ட விட்டு இறங்குறான். அவன் இல்லாம வெச்சுக்கலாமா?”

“பத்து, திங்கள்?”

“எங்க மச்சினருக்கு நாப்பதாம் நாள் துக்கம் பதினொண்ணு. முந்தின நாள் மேளம் அடிச்சேன்னு வைங்க, அதுக்கு அடுத்த நாப்பது எனக்குத்தான்.”

“பதினேழு திங்கள் வருது,” என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

நிதால் கத்தியைக் கீழே வைத்தாள். “பதினேழு வேணாம் அக்கா.”

ஒரு வருடம் பதினேழாம் தேதி ஊர்வலத்துக்குப் போகாமல் வீட்டில் தூங்கிய அவள் அண்ணனை, ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவரை யாராவது ஏதாவது கேட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

அந்த வாரத்திலேயே முஹர்ரம் பிறந்துவிடும். முஹர்ரமும் அடுத்த மாதம் ஸஃபரும் துக்க மாதங்கள், எங்களில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கைத்துக்கோ லீவு பத்து நாள்தான். இதை விட்டால் அடுத்த கோடை.

ரஃபல் டீ கொண்டுவந்தாள். “முடிஞ்சுதா? இல்ல போன வருஷ காலண்டரையும் எடுத்துட்டு வரட்டுமா?”

“உக்காரு கண்ணு, பேசிட்டுத்தானே இருக்கோம்.”

“முதல்ல நாள் குறிச்சப்ப ஊரே தெருவுல இறங்கிப் போராடுச்சு, தள்ளிவெச்சோம். அடுத்து குறிச்சப்ப கொரோனா, தள்ளிவெச்சோம். வரலாறு ரெண்டு தடவ கூப்பிடாமலே என் கல்யாணத்துக்கு வந்துட்டுப் போயிருச்சு. இந்தத் தடவையும் வந்தா, ஒரு ஓரமா உக்காந்து சாப்பிட்டுப் போகட்டும் டீச்சர். நான் எந்திரிக்கிறதா இல்ல.”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், ஒரே ஒரு வியாழன்தான் பாக்கி. பதின்மூன்று. அதை யார் வாயைத் திறந்து சொல்வது? எல்லோரும் தர்பூசணி விதை எடுப்பதில் மும்முரமாக இருந்தோம்.

“பதிமூணு வைங்க,” என்றாள் பஹீஜா. “வியாழன்தானே. மறுநாள் கவர்மென்ட் லீவு வேற. வந்தவங்க நிதானமா எந்திரிச்சுப் போகலாம்.”

சொல்லிவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

4

[இங்கே பஹீஜாவை விவரித்து அரைப் பக்கம் எழுதியிருந்தேன். ‘துயரத்தின் மெழுகுவர்த்தியாக அறுபத்தைந்து ஆண்டுகள்—’ என்று ஆரம்பித்தது. அடித்துவிட்டேன். அவளை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள். கரண்டு போனால் காசுக்கு மின்சாரம் விடும் பக்கத்துத் தெரு ஜெனரேட்டர்காரனுக்கு அவள் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. மெழுகுவர்த்தியாம். அவள் காதில் விழுந்தால் என் தலையிலேயே ஏற்றிவைப்பாள்.]

நடந்தது இவ்வளவுதான். பஹீஜாவின் அப்பா ரொட்டி சுடுபவர். அரண்மனைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் வேலை. 1958 தம்மூஸ் பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் ராவேலைக்குக் கிளம்பினார். வீட்டில் அப்போதுதான் தர்பூசணி வெட்டியிருந்தார்கள். “எனக்கு ஒரு துண்டு மூடி வை, காலையில வந்து சாப்பிடுறேன்,” என்று ஏழு வயது மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். காலையில் ரேடியோ, இனி மன்னர் இல்லை, குடியரசு என்றது. தெருவெல்லாம் கூட்டம், துப்பாக்கிச் சத்தம். அவர் வரவில்லை. உடலும் வரவில்லை. அவர் யார் பக்கமும் இல்லை, ஆகவே எந்தப் புத்தகத்திலும் இல்லை. பரீட்சையில் கேட்க மாட்டார்கள்.

நிதால் வீட்டில் கதை வேறு. அதே காலை அவள் அப்பா சந்தோஷம் தாங்காமல் சந்து முழுக்கச் சர்பத் கொடுத்தாராம். பிறகு பிறந்த மகளுக்குப் போராட்டம் என்று பொருள்படப் பெயரும் வைத்தார். அந்த மகள், பஹீஜாவின் தம்பிக்கு மனைவியாக இந்த வீட்டுக்கு வந்தாள்.

சண்டை வந்திருக்க வேண்டும். கதை எழுதுகிறவளுக்கு அதுதான் வசதி. வரவில்லை. பேசாமலே ஒரு ஏற்பாடு உண்டானது. பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் பஹீஜா சமையலறைக்கு வந்து ஒரு துண்டு தர்பூசணியை நீலப் பூப்போட்ட பீங்கானில் வைத்து, இன்னொரு பீங்கானால் மூடி, மாடிக்குக் கொண்டுபோவாள். அன்று அதற்குமேல் கீழே இறங்க மாட்டாள். பதினான்காம் தேதி அந்த வீட்டில் டிவி போட மாட்டார்கள். நிதால் சர்பத் கலக்க மாட்டாள், பஹீஜா கறுப்பு உடுத்த மாட்டாள். மத்தியானம் நிதால் மாடிக்குப் போய், வாடிப்போன துண்டை எடுத்துக் கொட்டி, பீங்கானைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள்.

நாற்பது வருடம். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. புரட்சியின் மகள், அதில் செத்தவருக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இதை நான் எந்த வகுப்பில் நடத்தியிருக்க முடியும்?

5

நாள் குறித்த மறுநாள் நானும் பஹீஜாவும் மாடியில் சீட்டாடிக்கொண்டிருந்தோம். ரஃபல் வந்து கதவருகே நின்றாள்.

“அத்த, சர்க்கரைய நீதான் தேய்க்கணும்.”

எங்கள் வழக்கம் இது. நிக்காஹ் ஒப்பந்தம் சொல்லும்போது மணப்பெண் கண்ணாடி முன்னால் உட்காருவாள். நான்கு பெண்கள் அவள் தலைக்குமேல் வெள்ளைத் துணியை விரித்துப் பிடிப்பார்கள். அதற்கு மேலே இரண்டு சர்க்கரைக் கட்டிகளை ஒன்றோடொன்று தேய்ப்பார்கள், வாழ்க்கை இனிக்க வேண்டும் என்று. தேய்ப்பவள் புருஷனோடு நன்றாக வாழ்ந்தவளாக இருக்க வேண்டும்.

“நான் கல்யாணமே பண்ணாதவ,” என்றாள் பஹீஜா, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் தேய்ச்சா உன் மாமியா மயங்கி விழுந்துருவா.”

“விழட்டும். ஏசி போட்டு விடுறேன்.”

“கரண்டு இருக்கணுமே.”

“அத்த, வெளையாடாத. பள்ளிக்கூடத்துக்குத் தல பின்னிவிட்டது நீ. காய்ச்சல்ல பக்கத்துல படுத்தது நீ. இப்ப மட்டும் வேற யாரோ வந்து என் தலைக்கு மேல தேய்ப்பாங்களாக்கும்?”

“அன்னிக்கி சாயங்காலம் நான் கீழ வரமாட்டேன் கண்ணு. உனக்குத் தெரியாதா? இங்கேருந்தே கேட்டுக்குறேன். மேளம் நல்லாவே கேக்கும்.”

“அப்ப பதிமூணு வைங்கன்னு எதுக்குச் சொன்ன?”

“காலியா இருந்துச்சு. சொன்னேன்.”

“உனக்குக் காலி இல்லையே.”

பஹீஜா என்னைப் பார்த்தாள். “உன் ஆட்டம்டி. எவ்வளவு நேரம் பாத்துட்டே இருப்ப?”

ரஃபல் போகவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்கு எழுத எளிதாக இருந்திருக்கும். “நீ வந்து சர்க்கரைய எடுக்காம நான் கண்ணாடி முன்னாடி உக்கார மாட்டேன்,” என்றாள். “ஷேக் வந்து காத்திருக்கட்டும். மாப்பிள்ளை காத்திருக்கட்டும். மஸ்கட் ஃப்ளைட்டும் போகட்டும். நான் ஏற்கனவே ரெண்டு தடவ உக்காராம இருந்தவதான், எனக்குப் பழக்கம்.”

அவள் இறங்கிப் போன பிறகு பஹீஜா சீட்டைக் கலைத்துவிட்டாள். அவள் தோற்கும் ஆட்டம் அது. ஆனால் அதற்காகக் கலைத்தாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

6

இன்று பதின்மூன்று. காலையில் உட்கார்ந்து மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. மேளம் முழங்க, பஹீஜா கருநீல வெல்வெட் அங்கியில் படி இறங்கி வருகிறாள். பெண்கள் குலவையிடுகிறார்கள். அவள் கையில் சர்க்கரை—

சினிமா. முதலில் அவளிடம் வெல்வெட் அங்கி கிடையாது. இந்த வெயிலில் வெல்வெட் போடுகிறவளுக்கு டாக்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

முடிவு ஆ. அவள் வரவில்லை. ஒரு மணி நேரம் எல்லோரும் கெஞ்சிய பிறகு ரஃபல் கண்ணாடி முன்னால் உட்காருகிறாள். மாமியார் சர்க்கரை தேய்க்கிறார். எல்லாம் நல்லபடியாக முடிகிறது. ரஃபல் அதற்குப் பிறகு மாடிப்படி ஏறுவதில்லை.

இது நடக்கக்கூடியது. எழுத எனக்குப் பிடிக்காமல் போனதற்கு வேறு காரணம் இல்லை.

முடிவு இ. வாசல் கதவு தட்டப்படுகிறது. கையில் மாவு ஒட்டிய ஒரு கிழவர். மிகவும் தாமதமாகிவிட்டது என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எனக்கு ஒரு துண்டு மூடி வைத்திருப்பார்களே என்று—

அடித்துவிட்டேன்.

இல்லை, அடிக்கவில்லை. இருக்கிறது, பாருங்கள். விட்டுவிட்டேன்.

சாஜிதாவிடமிருந்து இதற்குள் மூன்று செய்திகள். கடைசிச் செய்தி இது: “டீச்சர், நாளைக்குப் பதினாலு. கட்டுரை எங்க? மைல்கல் மட்டும் போதும், கதையெல்லாம் வேணாம்.”

7

இதை மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர்கள் வீட்டு மாடிப்படி. போனில் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே வாசலில் மேளமும் தாரையும் வந்து இறங்கிவிட்டன. ஷேக் வந்து இரண்டு டீ குடித்துவிட்டார். ரஃபல் வெள்ளை உடையில் கூடத்தின் நடுவில் நிற்கிறாள். பின்னால் நாற்காலி, எதிரே கண்ணாடி. உட்காரவில்லை. கைத் ஆண்கள் பக்கமிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்து, “நின்னாலும் எனக்குச் சம்மதந்தான்,” என்றான். நல்ல பையன். அவன் அம்மாவின் முகத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

நிதால் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். விருந்தாளிகளுக்கு ஒரு மூட்டை தர்பூசணி வெட்டிக் குவித்திருந்தார்கள். மேடை ஓரத்தில் நீலப் பூப்போட்ட பீங்கான், மேலே இன்னொன்று கவிழ்த்து மூடியிருந்தது.

“அவங்க இன்னும் வந்து எடுக்கல அக்கா,” என்றாள். “மத்தியானத்துலேருந்து பாத்துட்டிருக்கேன். கல்யாண வீட்டுல இது வேணாம்னு விட்டுட்டாங்கன்னு நெனைக்கிறேன். அதான் நானே வெட்டி வெச்சேன். பழத்தோட நடுப்பாகத்துலேருந்து.”

“நீயே கொண்டுபோய்க் குடேன்.”

“நான் போனா என்ன பேசறது? நாப்பது வருஷமா இதப் பத்திப் பேசல. இன்னிக்கின்னு பாத்து எப்படி ஆரம்பிக்கிறது? அடுப்புல அரிசி வேற.” முந்தானை மாதிரி தோளில் போட்டிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தாள். வியர்வை என்று எழுதிக்கொள்கிறேன். “நீங்க போங்க. வரச் சொல்லாதீங்க. வராதீங்கன்னும் சொல்லாதீங்க. இத மட்டும் குடுங்க.”

நான் எடுத்துக்கொண்டு ஏறினேன். பாதியில் முட்டி வலித்தது, உட்கார்ந்தேன். முட்டி வலி உண்மைதான், ஆனால் அது மட்டும் காரணமில்லை.

எனக்குத் தெரியவில்லை. பஹீஜா இந்த ஒரு வருடம் அப்பாவின் துண்டை விட்டுக்கொடுத்துவிட்டு, கீழே வரலாமா என்று உள்ளே யோசித்துக்கொண்டிருக்கிறாளா? அப்படியானால் நான் இதைக் கொண்டுபோய் நீட்டினால், வருகிறவளையும் உட்கார வைத்ததாகிவிடும். அல்லது, இத்தனை வருடம் கழித்து இதை நிதாலின் கை வெட்டியது என்று தெரிந்தால், அதை மூடி வைத்துவிட்டு எழுந்து வருவாளா? வரலாறு நடத்தியவளிடம் இதையெல்லாம் கேட்கக் கூடாது. எனக்கு நடந்து முடிந்ததை மட்டும்தான் சொல்லத் தெரியும், அதுவும் எந்தப் புத்தகம் என்று சொன்னால்.

கீழிருந்து ரஃபலின் குரல்: “டீச்சர், தட்டினீங்களா?”

“தட்டுறேன், தட்டுறேன்,” என்றேன்.

மிச்சப் படிகளும் ஏறிவிட்டேன். இப்போது கதவுக்கு நேர் எதிரே நிற்கிறேன். உள்ளே ஏதோ சத்தம். அலமாரிக் கதவாக இருக்கலாம். ஜன்னலை இழுத்துச் சாத்தும் சத்தமாகவும் இருக்கலாம். மேளக்காரன் கீழே தோலை இழுத்துக் கட்டி ஒரு அடி அடித்துப் பார்க்கிறான். உள்ளே சத்தம் நின்றுவிட்டது.

இதற்குமேல் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளை வரவைப்பதாக இருந்தால் கையைப் பிடித்து இறக்குங்கள், மூன்றாவது படி உடைந்திருக்கிறது. வரவைக்கப் போவதில்லை என்றால் கீழே போய் ரஃபலிடம் நீங்களே சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

சாஜிதா, கட்டுரை இவ்வளவுதான்.

ஒரு கையில் போன், இன்னொரு கையில் பீங்கான். கதவைத் தட்ட ஒரு கை வேண்டும். பீங்கானைத் தரையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. போனை வைத்துவி